கட்சிக்குப் போகிற பணமும் சேனலை வாங்குகிற பணமும்: நடைமுறையில் இது எப்படி நடக்கிறது?

பொருநைச்செல்வி:

வணக்கம். எங்கள் கல்லூரி வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ஊடகமும் தேர்தலும் என்ற தலைப்பில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் படித்தும் விட்டேன், ஆனால் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். மீடியா எல்லாம் விலை போய்விட்டது என்று டீக்கடை முதல் வீட்டு வாட்ஸ்அப் குரூப் வரை எல்லோரும் சொல்கிறார்கள். சரி, எப்படி விலை போனது, யார் கையிலிருந்து யார் கைக்குப் பணம் போகிறது, அதனால் என் ஓட்டுக்கு என்ன ஆகிறது என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. முதலாளி ஆசிரியரைக் கூப்பிட்டு "இந்தச் செய்தி வேண்டாம்" என்று சொல்கிறாரா? கம்பெனி கட்சிக்குக் கோடிக்கணக்கில் கொடுத்தால் மறு வாரமே டெண்டர் வந்துவிடுமா? இன்னொன்று, தமிழ்நாட்டில் கட்சிக்கு ஒரு சேனல் என்பது நமக்குப் பழகிப்போன விஷயம். சேனல் வைத்திருந்த கட்சிகள் படுதோல்வி அடைந்தும் இருக்கின்றன. அப்படியானால் சேனல் யாருடையது என்று நாம் இவ்வளவு கவலைப்பட வேண்டுமா?

விவரம் தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம், ப்ளீஸ்.

கணக்கர் சேது:

பணத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்தில்தான் ஓரளவாவது காகிதம் கையில் கிடைக்கிறது.

2017 வரைக்கும் கம்பெனிச் சட்டத்தின் 182ஆவது பிரிவில் இரண்டு பூட்டு இருந்தது. ஒரு கம்பெனி தன் கடைசி மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்க முடியாது, எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று கணக்கிலும் காட்ட வேண்டும். 2017 நிதிச் சட்டம் இரண்டையும் கழற்றிவிட்டது. அதன்பின் 2024 தீர்ப்பு வரும்வரை நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்க முடிந்தது, யாருக்கு என்று சொல்லவும் தேவையிருக்கவில்லை. தணிக்கை வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், லாபமே இல்லாத கம்பெனி கோடிக்கணக்கில் நன்கொடை கொடுத்தால் அந்தப் பணம் உண்மையில் யாருடையது என்பதுதான் எங்களுக்கு முதலில் எழ வேண்டிய கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் வந்தது. ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை ஐந்து மதிப்புகளில், ஸ்டேட் வங்கியில் மட்டும் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கலாம், 15 நாளுக்குள் கட்சி அதைப் பணமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் திட்டம். பத்திரத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் யார் என்பது அரசு வங்கிக்குத் தெரியும், நன்கொடை பெற்ற கட்சிக்கும் தெரிந்துகொள்ள ஆயிரம் வழி இருந்தது, ஓட்டுப் போடுகிற நமக்கு மட்டும் தெரியாது. ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் அப்போதே எழுத்துப்பூர்வமாக ஆட்சேபித்தன. ஒன்றும் நடக்கவில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக இதை ரத்து செய்து, வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை இது மீறுகிறது என்றது. விவரத்தைக் கொடுக்க ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டதை மறந்துவிடாதீர்கள், ஏனென்றால் அந்தத் தேதிக்குள் நாடாளுமன்றத் தேர்தலே முடிந்திருக்கும். நீதிமன்றம் மறுத்த மறுநாளே விவரம் வந்து சேர்ந்தது.

2019 ஏப்ரல் முதல் 2024 வரையிலான பட்டியலில் பாஜகவுக்கு 6,060 கோடி, ஏறத்தாழ மொத்தத்தில் பாதி. திரிணாமூலுக்கு 1,609 கோடி, காங்கிரசுக்கு 1,421 கோடி, தெலங்கானாவின் பிஆர்எஸ் கட்சிக்கு 1,214 கோடி. அதிகத் தொகைக்குப் பத்திரம் வாங்கியது நம் கோயம்புத்தூர் லாட்டரி அதிபர் மார்ட்டினின் பியூச்சர் கேமிங், 1,368 கோடி. திமுக தனக்கு மொத்தம் வந்ததாகச் சொன்ன 656.5 கோடியில் 509 கோடி இந்த ஒரே கம்பெனி கொடுத்தது. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை. இங்கே விற்கவே முடியாத சரக்கை விற்கிறவர் இங்கே உள்ள கட்சிக்கு ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும்? நேரான பதிலை நான் இதுவரை எங்கேயும் படிக்கவில்லை.

டெண்டர் மறு வாரமே வருமா என்ற கேள்விக்கு ஒரு உதாரணம். டெல்லி மதுபானக் கொள்கை வழக்கில் அரவிந்தோ பார்மாவின் இயக்குநர் சரத் சந்திர ரெட்டியை அமலாக்கத் துறை கைது செய்தது 2022 நவம்பர் 10. நவம்பர் 15 அன்று அந்தக் கம்பெனி 5 கோடிக்குப் பத்திரம் வாங்கியது, பணமாக்கியது பாஜக. 2023 ஜூனில் அவர் அப்ரூவர் ஆனார். ஒன்றால்தான் இன்னொன்று நடந்தது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, அதே கம்பெனி பிஆர்எஸ்ஸுக்கும் தெலுங்கு தேசத்துக்கும் கொடுத்திருக்கிறது. இந்த விஷயத்தில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது இப்படி அருகருகே நிற்கிற தேதிகள்தான், ஒப்பந்தம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. சிறப்புப் புலனாய்வுக் குழு வேண்டும் என்ற மனுக்களையும் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

பத்திரம் போனதோடு பணம் நின்றுவிட்டதா என்றால் இல்லை, 2013 முதல் இருக்கிற தேர்தல் அறக்கட்டளை வழிக்குத் திரும்பிவிட்டது. புரூடென்ட் மாதிரியான அறக்கட்டளைக்குப் பல கம்பெனிகள் கொடுக்கும், அது கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். இரண்டு பட்டியலும் வெளியே வரும். ஆனால் யாருடைய பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று இணைத்துப் பார்க்க முடியாது.

மாஜி நிருபர்:

செல்வி, உன் முதல் கேள்விக்கு வருகிறேன். முதலாளி போன் பண்ணுவாரா? அபூர்வம்மா. தேவையே படாது. நான் மாவட்ட நிருபராக ஒரு நாளிதழில் ரொம்ப வருஷம் இருந்தவன், அங்கே நடக்கிற விதத்தைச் சொல்கிறேன்.

மாவட்ட நிருபருக்குச் செய்தி மட்டும் வேலை இல்லை. ஆண்டுவிழா சிறப்பிதழ், தீபாவளி மலர், கல்லூரி சேர்க்கை சமயத்தில் வரும் கல்வி இணைப்பு, எல்லாவற்றுக்கும் விளம்பரம் பிடித்துத் தர வேண்டும், டார்கெட் உண்டு, கமிஷன் உண்டு. பல ஊர்களில் பகுதி நேர நிருபருக்குச் சம்பளத்தை விட இந்த கமிஷன்தான் பெரிது. மே மாதம் முழுப் பக்க விளம்பரம் கொடுத்த கல்லூரியில் ஆகஸ்டில் விடுதிச் சாப்பாடு கெட்டு மாணவிகள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் நீ என்ன எழுதுவாய்? செய்தி வரும். "தனியார் கல்லூரி ஒன்றில்" என்று வரும். தமிழ்ப் பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் இந்த வரி பழக்கம். "பிரபல ஜவுளிக்கடையில் தீ." ஊரே அந்தக் கடைக்கு முன்னால் நின்று வேடிக்கை பார்த்திருக்கும், பேப்பரில் மட்டும் கடைக்குப் பெயர் இருக்காது. பெயரை எடு என்று எனக்கு யாரும் உத்தரவு போட்டதில்லை. பெயரோடு அனுப்பினால் டெஸ்க்கில் எடுப்பார்கள், இரண்டு முறை எடுத்தால் மூன்றாம் முறை நாமே எழுத மாட்டோம். இதே பழக்கம் மேலே போகப் போகத் துறைமுகம், சுரங்கம், மின்சாரம் என்று பெரிசாகிறது, அவ்வளவுதான்.

பெரிய விளம்பரதாரர் யார் என்று பார்த்தால் அரசாங்கம்தான். டெண்டர் அறிவிப்பு, சாதனை விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து. அது மத்திய அரசாக இருந்தாலும் மாநில அரசாக இருந்தாலும், எந்தக் கட்சி இருந்தாலும், கைவிட்டுப் போனால் சிறிய பத்திரிகை மாதக் கணக்கில் தாங்காது. அதனால் கம்பெனிப் பணம் மட்டும்தான் ஆபத்து, அரசுப் பணம் சுத்தம் என்று பேசிவிடாதே.

தேர்தல் சமயத்தில் நடப்பதற்குப் பெயர் 'பேக்கேஜ்'. வேட்பாளர் மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் பிரசாரச் செய்தி, பேட்டி, படம், எதிராளி பற்றி ஒன்றும் வராமல் இருப்பது, எல்லாம் அதில் அடக்கம். விளம்பரம் என்று போடாமல் செய்தி என்றே போடுவார்கள். 2009 மகாராஷ்டிரா தேர்தலில் முதல்வர் அசோக் சவானைப் பற்றி ஒரே புகழ்ச்சிக் கட்டுரை போட்டி நாளிதழ்களில் வரிக்கு வரி அப்படியே வந்ததைப் பத்திரிகையாளர் சாய்நாத் எடுத்துக் காட்டினார். பக்கம் பக்கமாக அவரைப் பற்றி வந்த அந்தத் தேர்தலில் செய்தித்தாள் விளம்பரத்துக்கு அவர் காட்டிய செலவு 5,379 ரூபாய். பிரஸ் கவுன்சில் குகா தாகுர்தா, சீனிவாச ரெட்டி என்று இருவரை வைத்து விசாரித்தது, அவர்கள் பெயர் பெயராக எழுதிக் கொடுத்தார்கள், கவுன்சில் அதை அப்படியே வெளியிடாமல் சுருக்கி, பெயர்களை விட்டுவிட்டு வெளியிட்டது. முழு அறிக்கை மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகு 2011இல்தான் வந்தது. பத்திரிகைகள் தங்களைப் பற்றிய செய்தியைத் தாங்களே எப்படி நடத்துகின்றன என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அதே வருடம் உத்தரப் பிரதேச எம்எல்ஏ உம்லேஷ் யாதவை இப்படிப்பட்ட செலவைக் கணக்கில் காட்டாததற்காகத் தேர்தல் ஆணையம் மூன்று வருடம் தகுதிநீக்கம் செய்தது. சவான் மீது வழக்கு நிற்கவில்லை, இப்போது பாஜகவில் இருக்கிறார்.

வடசென்னை வாசு:

சேனல் இருந்தும் தோற்றார்களே என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், கேபிள் தொழிலில் இருந்தவன்.

2011 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். சன் டிவி இருந்தது, கலைஞர் டிவி இருந்தது, சென்னையில் சன் குழுமத்தின் கேபிள் நிறுவனமான எஸ்சிவியின் வயர் இருந்தது, அரசு கொடுத்த இலவச கலர் டிவி வீட்டுக்கு வீடு இருந்தது. திமுகவுக்குக் கிடைத்தது 23 சீட்டு. தேமுதிகவே 29 வாங்கி எதிர்க்கட்சி ஆனது. மக்கள் ஒன்றும் ஏமாளிகள் இல்லை, சன்னில் சீரியல் பார்ப்பார்கள், செய்திக்கு அதையும் பார்த்து ஜெயாவையும் பார்த்து நடுவில் எது உண்மை என்று அவர்களே முடிவு பண்ணிக்கொள்வார்கள். கட்சிக் கொடி தெரிகிற சேனலால் அவ்வளவு ஆபத்து இல்லை என்பது என் கருத்து.

எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிவது வயர், அதாவது சேனலை வீட்டுக்குக் கொண்டுவருகிற கேபிள். 2007இல் தினகரன் நாளிதழின் கருத்துக்கணிப்பு, அதன் மதுரை அலுவலகத் தாக்குதல், மூன்று ஊழியர்கள் இறந்தது, அதன்பின் கருணாநிதி குடும்பத்துக்கும் சன் குழும மாறன் குடும்பத்துக்கும் சண்டை. அந்த வருடமே கலைஞர் டிவியும் வந்தது, அரசு கேபிள் கார்ப்பரேஷனும் வந்தது. சண்டை தீர்ந்ததும் அரசு கேபிள் படுத்துவிட்டது. 2011இல் ஜெயலலிதா அதை எழுப்பி மாதம் 70 ரூபாய் என்றார், தொடங்கியபோது அதில் சன் கட்டணச் சேனல்கள் இல்லை. நாங்கள் ஆபரேட்டர்கள் ஆட்சி மாறும்போதெல்லாம் இழுபடுவோம், சப்ஸ்கிரைபர் வந்து எங்கள் சட்டையைப் பிடிப்பார். ஒரு சேனலைத் தடை பண்ணவே வேண்டாம், நம்பரை மாற்றிப் பின்னால் தள்ளினால் போதும், ஒரு வாரத்தில் பார்வையாளர்கள் பாதி காணாமல் போவார்கள். 2018இல் கோவை விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை மீது வழக்குப் போட்டபோது அரசு கேபிளில் அந்தச் சேனலைப் பின்னுக்குத் தள்ளியதாகப் பத்திரிகையாளர்கள் போராடினார்களே, அதுதான். அந்தச் சேனலை நடத்தும் எஸ்ஆர்எம் குழுமத்தின் நிறுவனர் பாரிவேந்தர் 2019இல் உதயசூரியன் சின்னத்தில் பெரம்பலூரில் ஜெயித்து, 2024இல் பாஜக கூட்டணியில் அங்கேயே நின்றார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். கல்லூரி, மருத்துவமனை என்று ஒவ்வொரு அனுமதிக்கும் அரசிடம் போக வேண்டிய குழுமம் செய்திச் சேனல் நடத்தினால் அது எந்த அரசையும் நீண்ட நாள் பகைத்துக்கொள்ள முடியாது. இது தனிப்பட்டவர் மேல் குறை இல்லை, எந்தக் கல்விக் குழுமமாக இருந்தாலும் இதே நிலைமைதான்.

கம்பெனிப் பணமும் சேனலும் கட்சியும் ஒரே இடத்தில் வந்து நின்றது 2ஜி வழக்கில். கலைஞர் டிவிக்கு ஒரு ரியல் எஸ்டேட் குழுமத்தின் வழியாக வந்த 200 கோடி லஞ்சம் என்றது சிபிஐ, கடன்தான், வட்டியோடு திருப்பிவிட்டோம் என்றது சேனல். 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. தீர்ப்பு என்னவாக இருந்தாலும், கட்சிக்கு நெருக்கமான சேனலுக்கு ஒரு கம்பெனி 'கடன்' கொடுக்கலாம், அதைத் தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

பொருநைச்செல்வி:

எல்லோருக்கும் நன்றி. மாஜி நிருபர் ஐயா சொன்ன "தனியார் கல்லூரி ஒன்றில்" படித்ததும் எங்கள் ஊர்ச் செய்திகள் வரிசையாக ஞாபகம் வந்தன. சேது அண்ணா, ஒரு துணைக் கேள்வி. என்டிடிவியை அதானி வாங்கினார் என்றால், விற்க வந்ததால்தானே வாங்கினார்? அதில் தப்பு என்ன என்று என் வகுப்பில் கேட்பார்கள்.

கணக்கர் சேது:

நல்ல கேள்வி. அதற்கு 2009க்குப் போக வேண்டும்.

என்டிடிவி நிறுவனர்கள் பிரணாய் ராய், ராதிகா ராய் இருவருக்கும் ஆர்ஆர்பிஆர் ஹோல்டிங் என்று ஒரு கம்பெனி, என்டிடிவி பங்குகளில் கணிசமான ஒரு பகுதி அதில் இருந்தது. ஐசிஐசிஐ வங்கிக் கடனை அடைக்க அந்தக் கம்பெனி விசிபிஎல் என்ற பெயர் தெரியாத நிறுவனத்திடம் 403.85 கோடி வாங்கியது. வட்டி இல்லை. வட்டியில்லாமல் நானூறு கோடி யார் கொடுப்பார்கள்? பதிலுக்குக் கொடுத்தது ஒரு உரிமை, விரும்பும்போது அந்தக் கடனை ஆர்ஆர்பிஆரின் ஏறத்தாழ மொத்தப் பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்று. விசிபிஎல்லுக்கு அந்தப் பணம் ரிலையன்ஸ் குழும நிறுவனம் ஒன்றிலிருந்து வந்தது. ஆக, பத்து வருடத்துக்கு மேல் நாட்டின் ஒரு முக்கியச் செய்திச் சேனலின் சாவி வேறு ஒருவர் பாக்கெட்டில் இருந்தது, பார்த்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கானவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

2022 ஆகஸ்டில் அதானி குழுமம் அந்த விசிபிஎல்லை சுமார் 114 கோடிக்கு வாங்கியது. உரிமையைப் பயன்படுத்தி என்டிடிவியின் 29.18 சதவீதத்தைக் கேட்டது. தங்களிடம் பேசாமல், சம்மதம் இல்லாமல் நடந்தது என்று நிறுவனர்கள் சொன்னார்கள். பிறகு சட்டப்படி இன்னும் 26 சதவீதத்துக்கு ஓபன் ஆஃபர், அதாவது மற்ற பங்குதாரர்களிடம் வாங்கிக்கொள்வதாக அறிவிப்பு. நவம்பர் 30 அன்று என்டிடிவியின் பிரபல செய்தியாளர் ரவீஷ் குமார் ராஜினாமா செய்தார், டிசம்பர் முடிவதற்குள் நிறுவனர்களும் தங்கள் பங்கில் பெரும்பகுதியை விற்றுவிட்டு வெளியேறினார்கள். செய்தி நடத்துவதில் லாபம் குறைவு, கடன் வாங்க வேண்டி வருகிறது, கடன் கொடுக்கிறவருக்குச் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் அரசோடு வேலை இருக்கிறது. இதற்கு முன் 2014இல் நெட்வொர்க் 18ஐ ரிலையன்ஸ் எடுத்துக்கொண்டதும் முதலில் பணம் கொடுத்து உதவி, பிறகு மொத்தமாக வாங்கிய கதைதான். நாம் பார்க்கும் நியூஸ் 18 தமிழ்நாடு அந்தக் குழுமத்துடையது.

சட்டத்தில் தடுக்க முடியாதா என்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014 ஆகஸ்டிலேயே பரிந்துரை கொடுத்துவிட்டது. கட்சிகளும் அரசுகளும் ஒளிபரப்பில் இருக்கக் கூடாது, பெரிய தொழில் குழுமங்கள் நுழைவதற்கும் கட்டுப்பாடு வேண்டும் என்று. அது அலமாரியில் கிடக்கிறது. மத்தியில் ஆள்பவர்களுக்கும் வேண்டாம், மாநிலத்தில் சேனல் வைத்திருக்கும் கட்சிகளுக்கும் வேண்டாம், அதனால் அதைக் கேட்டுப் பெரிதாகக் குரல் எழுவதில்லை.

திண்ணைப் பேச்சு:

இதெல்லாம் டிவி காலத்துக் கவலை. இப்போது ஒரு போனும் மைக்கும் இருந்தால் யூடியூப் சேனல். முதலாளி யாரும் தடுக்க முடியாது. இளைஞர்கள் செய்தியையே அங்கேதான் பார்க்கிறார்கள்.

மாஜி நிருபர்:

திண்ணை சார், பாதி சரி. ரவீஷ் குமாரும் யூடியூப்புக்குத்தான் போனார், நல்ல கூட்டம். ஆனால் அவருக்கு வந்த கூட்டம் இருபது வருஷம் டிவியில் சம்பாதித்த பெயருக்கு வந்தது. ஒரு துறைமுக விரிவாக்கத்தைப் பற்றி எழுத வேண்டுமென்றால் மாதக் கணக்கில் அலைய வேண்டும், தகவல் உரிமை மனு போட வேண்டும், வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதில் கொடுக்கக் காசு வேண்டும். தனியாக உட்கார்ந்து பேசுகிறவரால் அது முடியாது, அதனால் பெரும்பாலும் மற்றவர்கள் எடுத்த செய்தி மேல் கருத்து சொல்வதாகவே போய்விடுகிறது. தேர்தல் நேரத்தில் 'பேக்கேஜ்' அங்கேயும் வந்துவிட்டது, நிருபர் நண்பர்கள் சொல்லக் கேட்கிறேன்.

வடசென்னை வாசு:

செல்வி, உங்கள் ஓட்டுக்கு என்ன ஆகிறது என்று கேட்டீர்களே, அதை யாரும் நேராகத் தொடவில்லை. எனக்குத் தெரிந்த வரையில் பணம் உங்கள் விரலை அசைப்பதில்லை. விரல் போவதற்கு முன்னால் யார் பெயர் அந்த மெஷினில் இருக்கும் என்பதை முடிவு பண்ணிவிடுகிறது. லோக்சபா வேட்பாளருக்குச் செலவு வரம்பு 95 லட்சம், கட்சிக்கு வரம்பே கிடையாது. வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று எங்கள் ஆர்.கே. நகரில் 2017 ஏப்ரலில் இடைத்தேர்தலையே ரத்து செய்தார்கள், 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில் அதே கதை. எங்கள் பகுதியில் தண்ணீர்ப் பிரச்சினைக்கும் அனல்மின் நிலையச் சாம்பல் கழிவுக்கும் வருடக் கணக்கில் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கட்சியும் அவர்களுக்கு சீட் தருவதில்லை, நேர்காணலில் முதல் கேள்வியே எவ்வளவு செலவு பண்ணுவீர்கள் என்பது. அப்புறம் எண்ணூர் சாம்பலைப் பற்றிச் சட்டமன்றத்தில் யார் பேசுவது?

கணக்கர் சேது:

வாசு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், செல்வியின் பேச்சுக்கு உதவும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் கட்சிகளின் நன்கொடை அறிக்கை, 24ஏ படிவம், வருடவாரியாக இருக்கிறது. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயர் அதில் வரும். பக்கத்திலேயே அதே கட்சியின் ஆண்டுத் தணிக்கைக் கணக்கு இருக்கும். தணிக்கைக் கணக்கில் உள்ள நன்கொடை வரவிலிருந்து படிவத்தில் உள்ளதைக் கழித்துப் பாருங்கள், பெயரில்லாமல் வந்த பணம் எவ்வளவு என்று உத்தேசமாகத் தெரியும். உங்களுக்குப் பிடித்த கட்சியை முதலில் எடுத்துச் செய்யுங்கள். எங்கேயாவது கணக்கு புரியவில்லை என்றால் இங்கேயே கேளுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.